ஆயிரத்து இருநூறு சுருக்கங்கள்

2003-இல், வெளிநாட்டு ஆய்விதழ்களை, ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளாக்கித் தரும் படூர் ஆபீஸ் ஒன்றில் தர்மராஜும் ஹரிப்ரியாவும் வேலை பார்த்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: ஆயிரத்து இருநூறு கட்டுரைகளிலும் ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே உள்ள சுருக்கம் மேலே போக வேண்டும். வேறு ஓர் எழுத்தும் மாறக் கூடாது. நாளை மாலைக்குள் வேண்டும்.

தர்மராஜ் திருப்போரூர்க்காரர், கம்ப்யூட்டருக்கான சின்னச் சின்னக் கட்டளைத் தொகுப்புகளை, ஸ்க்ரிப்ட்களை, எட்டு வருடமாக எழுதுபவர். சுருக்கம் தொடங்கும் குறியிலிருந்து முடியும் குறிவரை வெட்டி மேலே ஒட்டும்படி எழுதி, டீ ஆறுவதற்குள் ஓட்டிவிட்டார். ஹரிப்ரியா சேர்ந்து ஏழு மாதம்தான். கோப்பை மரம்போலப் படித்து, எந்தக் கிளை முன்னே எந்தக் கிளை பின்னே என்று சொல்லும் ஸ்டைல்ஷீட்தான் சரி என்றாள். மேலாளர் இரண்டையும் ஓட்டச் சொன்னார்.

பிழை பார்க்கும் ஞானம்மாள் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கட்டுக் காகிதங்களோடு வந்தார். நாற்பது கட்டுரைகளில் சுருக்கத்துக்குள்ளேயே பிரெஞ்சில் இன்னொரு சுருக்கம் இருந்தது. ஸ்க்ரிப்ட் அதன் முடிவுக் குறியிலேயே நின்று, மீதியைக் கீழே விட்டிருந்தது. ஸ்டைல்ஷீட்டில் வரிசை சரி. ஆனால் ஆல்ஃபா, பீட்டாவுக்குப் பதிலாக 'α', 'β' என்று வைத்திருந்த குறியீடுகளெல்லாம் நிஜக் கிரேக்க எழுத்துகளாகியிருந்தன.

ஹரிப்ரியா ஐந்து மணிவரை போராடினாள். ஸ்டைல்ஷீட்டின் கைக்கு வருவதற்கு முன்பே குறியீடுகள் மாறிவிடுகின்றன என்பது மட்டும் புரிந்தது. தயங்கித் தயங்கி அதைத் தர்மராஜிடம் போய்ச் சொன்னாள்.

அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "நான் முதல்ல அந்தக் குறியீட்ட மூடிக் குடுக்கறேன். நீ வரிசைய மாத்து. அப்பால நான் தொறந்துடறேன்."

"உங்க ஸ்க்ரிப்டையே சரி பண்ணிடலாமே சார்?"

"பண்லாம். நாளைக்கு அந்த ரெண்டாவது சுருக்கத்துக்கு உள்ளாற மூணாவது ஒண்ணு இருக்கும். எண்ணிகினு இருக்க என்னால ஆவாதும்மா."

குறியீடு ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த 'அண்ட்' குறியை, யாருமே எழுதாத ஒரு சொல்லாக அவர் ஸ்க்ரிப்ட் மாற்றியது. ஸ்டைல்ஷீட் சுருக்கங்களை மேலே ஏற்றியது. பிறகு இன்னொரு ஸ்க்ரிப்ட் அந்தச் சொல்லைப் பழையபடி குறியாக்கியது.

வெள்ளிக்கிழமை காலை ஞானம்மாள் தானே பொறுக்கி எடுத்த அறுபது கட்டுரைகளைப் பார்த்தார். ஒரு கமா தப்பு. அது கட்டுரை ஆசிரியரே செய்தது. மூன்றரைக்குக் கோப்புகள் போயின. வாரக் கணக்குத் தாளில் ஸ்க்ரிப்டா ஸ்டைல்ஷீட்டா என்று கேட்டிருந்த கட்டத்தில் தர்மராஜ் இரண்டுக்கும் டிக் போட்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஹரிப்ரியாவுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. கோவளம் தாண்டியதும் தூங்கிப்போனவள் மாமல்லபுரத்தில்தான் விழித்தாள். கல்பாக்கம் வீட்டில், என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு பேர் சேந்து ஒரு பத்திய மேல ஏத்தினோம்மா."

அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.