கட்டுப் போட்ட கட்டைவிரல்

1

இந்தக் கதை என் கடைவாய்ப்பல்லின் உபயம். பல்லைப் பிடுங்கி, குழியில் பஞ்சை வைத்து, அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன பல் டாக்டர், பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் சிநேகிதிகளோடு கழித்த சனி ஞாயிறைச் சொல்ல ஆரம்பித்தாள். வாயடைத்த ஆள் கிடைத்தால் யார்தான் மனசைத் திறக்க மாட்டார்கள்? உயிரான இடத்துக்கு வந்தபோது அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். "அப்புறம்?" என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆகவே, கண்ணுகளா, இதில் பாதி அவள் சொன்னது, மீதி நான் நூற்றது.

2

முதல் தொடக்கம்: அந்தச் சனிக்கிழமை காலை மேகங்கள் கம்பளிப் பொதிகளைப் போல

வேண்டாம். அவள் மேகத்தைப் பார்க்கவே இல்லை. தன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தொடக்கம்: டாக்டர் ஒரு பெரிய பொய்க்காரி

இதுவும் வேண்டாம். பாவம், அவள் சொன்னது ஒரே ஒரு "ம்".

3

அந்த "ம்" வந்த கதை இது. போன வருஷம் பஸ் ஓட்டும் அக்கா ஒருத்தி பல் அடைக்க வந்தாள். டாக்டர் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து, "நீங்களே பின்னினதா?" என்றாள். விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த டாக்டர் ஏதோ நினைப்பில் "ம்" என்றாள். கடையில் வாங்கிய ஸ்வெட்டர் அது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நானும் என் சிநேகிதி கணக்கு டீச்சரும் பின்னுவோம். உங்களையும் சேத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் பல்லைக் காட்ட வாயைத் திறந்தாள்.

ஒரு மாதத்தில் "நீங்க" போய் "நீ" வந்தது. தினமும் போனில் மூவருக்கும் அரட்டை. அப்புறம் அந்த அழைப்பு: இரண்டு நாள், டீச்சர் வீட்டில். சனிக்கிழமை பின்னல், ஞாயிற்றுக்கிழமை நூற்கப் பழகுவது. டாக்டர் ஒரு வாரம் வீடியோ பார்த்துப் பழகினாள். ஊசியில் பன்னிரண்டு கண்ணி போட்டால் வரி முடியும்போது ஒன்பதுதான் மிஞ்சியது. வெள்ளிக்கிழமை மாலை, ஒரு கீறலும் இல்லாத வலது கட்டைவிரலில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டாள்.

(அவளைத் திட்டாதீர்கள். காலையிலிருந்து மாலை வரை அவள் பேசுவதெல்லாம் வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடம். பதில் பேசும் சிநேகிதிகள் இந்த இருவர்தான். ஒரு "ம்"முக்காக அவர்களைத் தொலைக்க அவளுக்கு மனசு வரவில்லை.)

4

"என்னடி ஆச்சு விரலுக்கு?" என்றாள் அக்கா, வாசலிலேயே.

"ஒரு பேஷண்ட் கடிச்சிட்டார்."

"எத்தனை பல்லு பதிஞ்சுது?" என்றாள் டீச்சர்.

"நாலு."

"மேல ரெண்டு கீழ ரெண்டா, இல்ல நாலும் மேலயா?"

"விடு டீச்சர், லீவு நாள்ல பரீட்சை வைக்காத."

பின்ன முடியாதவளுக்கு வேறு வேலை கிடைத்தது. இரண்டு கைகளையும் நீட்டி, நூல் வளையத்தை மாட்டிக்கொண்டு, அவர்கள் உருண்டை சுற்றும் வரை நிற்க வேண்டும். மூக்கு அரித்தால் அக்காதான் சொறிந்துவிட்டாள். டீச்சர் வாய்விட்டுக் கண்ணி எண்ணினாள். "நூத்தி நாலு, நூத்தி அஞ்சு..."

"உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு" என்று அக்கா பஸ் கண்டக்டர் குரலில் அதட்டினாள். டீச்சருக்கு எண்ணிக்கை போனது. மறுபடி ஒன்றிலிருந்து. நாலாவது தடவை டீச்சர் ஊசியை வீசிவிட்டுச் சிரித்த சிரிப்பில், டாக்டரின் கையிலிருந்த வளையம் மூன்று பேர் கழுத்திலும் சிக்கிக்கொண்டது.

[இங்கே அன்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

5

ஞாயிற்றுக்கிழமை. அக்கா நூல் திரிக்கும் தக்ளிகள் மூன்றும் ஒரு பை பழுப்புக் கம்பளியும் கொண்டுவந்தாள். ஆட்டு வாசனை வீடெல்லாம். நூற்க யாருக்கும் தெரியாது. டீச்சரின் நூல் விரல் பருமனுக்கு வந்து அறுந்தது. அக்காவின் தக்ளி மூன்று முறை காலில் விழுந்தது. "பிரேக் இல்லாத வண்டி" என்றாள்.

மூன்று பேருக்கும் தெரியாத ஒரு வேலை. டாக்டருக்குக் கை துறுதுறுத்தது. அடிபட்ட விரலால் தக்ளியைத் திருகினால் சந்தேகம் வரும் என்று, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, இடது கையால் திருகினாள். கம்பளியை வலது கையில் பிடித்துக்கொண்டாள்.

நூல் வந்தது. மெல்லிசாக, அறுபடாமல். பல் வேரைத் தேடிப் பழகிய கை அல்லவா. "ஐயோ, இவளப் பாரேன்" என்றாள் அக்கா. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் வேகமாகத் திருகினாள்.

நூலில் ஏறும் முறுக்குக்குக் கம்பளி எது, கட்டுத்துணி எது என்று தெரியாது. துணியின் பிசிரைப் பிடித்தது. தக்ளி சுழன்றுகொண்டே இறங்க இறங்க, கட்டும் சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து அதன் பின்னாலேயே போனது. பழுப்பு நூலின் நுனியில் வெள்ளை. தக்ளி தரையைத் தொட்டபோது, கட்டைவிரல் மொழுமொழுவென்று எல்லோருக்கும் முன்னால் நின்றது.

இருவரும் விரலைப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். நாலு பல்லில் ஒன்றைக்கூடக் காணோம்.

"அந்த ஸ்வெட்டரு..." என்று டாக்டர் ஆரம்பித்தாள்.

இங்கேதான் அடுத்த ஆள் உள்ளே வந்தார்.

6

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா பையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கிழித்தேன், என்னாலேயே தாங்க முடியவில்லை. ஒன்றில் "எங்களுக்கு எப்பவோ தெரியும்டி" என்கிறார்கள். அது ரொம்பச் சுலபம். மூன்றாவதில் டீச்சர்

தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போது, கதவின் கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின்னல் துண்டு தொங்குவதைப் பார்த்தேன். பழுப்புக் கம்பளி, நடுவே ஒரு வெள்ளைக் கோடு. கீழே பன்னிரண்டு கண்ணி, மேலே பன்னிரண்டு கண்ணி. ஒன்றுகூட நழுவவில்லை. பக்கத்து ஆணியில் அந்தப் பச்சை ஸ்வெட்டர், காலரில் கடைப் பெயர் போட்ட துணிச்சீட்டோடு.

விரலின் சாயம் வெளுத்த அந்த நொடிக்கும் இந்தத் துண்டுக்கும் நடுவே யார் என்ன சொன்னார்கள், யார் முதலில் சிரித்தார்கள்? அதை நீங்கள் நூற்றுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. நான் இன்னும் பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது.