டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள், புந்தோங்கில் தன் கம்ப்யூட்டர் வகுப்பைத் திறந்த அம்பிகை டீச்சருக்குத் தலை சுற்றியது. பாடங்களைப் பதிந்து வைத்திருந்த அத்தனை டிஸ்கெட்டுகளிலும், உள்ளே காந்தத் தகடு தெரிகிற இடமாகப் பார்த்துச் சந்தனம் அப்பியிருந்தது. வேறு யார்? பூஜை போடுகிறேன் என்று முந்தின நாள் சாவி வாங்கிப்போன ஐம்பது வயது மாணவர் பழனியப்பன்தான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் கத்திக்கு வருஷா வருஷம் பொட்டு வைத்த கை.

"தொடவே கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன் அண்ணே! ஆறு மாசப் பாடமும் போச்சு!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்புதான் டீச்சர். ஆனா நகல் எடுக்காம எதையும் நம்பாதீங்கன்னு மொத நாளே சொல்லிக் குடுத்தீங்கல்ல? என்னோட நகல் வீட்டுல பத்திரமா இருக்கு லா. உங்க நகலக் குடுங்க, நானே காப்பி பண்ணித் தாரேன்."

நகல் என்று ஒன்று எடுத்து வைத்திருந்தால்தானே கொடுப்பதற்கு! அம்பிகை கைக்குட்டையை எடுத்துச் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.