யேசுரட்ணம் துலக்கிய விளக்கு

அடுக்களைத் தொட்டியில் யேசுரட்ணம் எதையோ தேய்க்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. வினாகிரியும் பழைய பல் பிரஷ்ஷுமாக மனுசன் குனிந்தது குனிந்தபடி நிற்க, பருப்புச் சட்டியோடு பின்னால் காத்து நின்றாள் மனைவி இன்பமலர்.

"இஞ்சேருங்கோ, உந்தக் குப்பையைத் தூக்குங்கோ. நான் சட்டி கழுவ வேணும்."

"குப்பையோ? நாப்பது வருசத்துச் சாமான் இது. ஜெர்மன்காரன்ர விளக்கு!"

அது 1986ஆம் ஆண்டின் வசந்தம். டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்தின் ஓரத்தில் ஒரு செங்கல் வீடு. கீழே இவர்கள் இருவர். மேல்மாடியில் குணசேகரம், அவன் மனைவி விமலாதேவி, எட்டு மாதக் கைக்குழந்தை. அடுக்களை இரு குடும்பத்துக்கும் பொது. இரு குடும்பமும் வதிவிட அனுமதிக் கடிதத்துக்காகத் தபால்காரனைப் பார்த்துப் பார்த்தே நாளைக் கழித்துக்கொண்டிருந்தன.

யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன் யேசுரட்ணம். சும்மா இருக்கச் சொன்னால் கை கேட்குமா? பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் தோர்கில், ஓய்வுபெற்ற தபால்காரர், ஊமையாகிப்போன ஓர் உலோகம் தேடும் கருவியைக் கொண்டுவந்து காட்டினார். யேசுரட்ணம் அறுந்த கம்பியைப் பற்றவைத்தான். கருவி கூவியது. அன்றிலிருந்து இருவரும் சோடி. போர்க்காலத்தில் ஜெர்மன் படை முகாமிட்டிருந்த கடலேரிக் கரை வயல்களில், கமக்காரனிடம் கேட்டுவிட்டு, அங்குலம் அங்குலமாகத் தேடுவார்கள்.

கிடைப்பதைவிட, கிடைத்தது என்னவென்று கண்டுபிடிப்பதில்தான் யேசுரட்ணத்துக்குப் பைத்தியம். பொத்தானின் பின்புறம் 41 என்ற எண் தெரிந்தால் அது செய்த வருடம். ஒரு பக்கம் கரண்டி, மறுபக்கம் முள்ளு, நடுவில் மடிப்பு. அது சிப்பாயின் சாப்பாட்டுக் கரண்டி என்று கண்டுபிடிக்க மூன்று நாள் தோர்கிலின் படப் புத்தகத்தைப் புரட்டினான். சாப்பாடு ஆறியது, இன்பமலரின் வாய் சூடாகியது. அவனுக்கென்ன கவலை!

தோர்கில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். இன்னதென்று தெரியாத சாமானைத் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். அந்தக் கிழமை பார்த்து அவர் ஒடென்சே நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கருவியையும் புத்தகத்தையும் இவனிடம் விட்டுப் போனார்.

தனியே போனவனுக்கு ஒரு டின் அகப்பட்டது. உள்ளங்கை அகலம், நல்ல பாரம், மேலே சின்னக் குழாய். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வளர்ந்தவனுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? திரி போடும் குழாய் என்றே முடிவு கட்டினான். தெரிந்த சாமானுக்குத் தடி எதற்கு? பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

துலக்கிய விளக்கை, பொத்தான்களும் கரண்டியும் கிடந்த ஜன்னல் தட்டில், குழந்தையின் பால் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தான். வருவோர் போவோரெல்லாம் பார்த்து மெச்ச வேண்டுமாம்.

மறுநாள் காலை புத்தகத்தைப் புரட்டியவனின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. அதே டின், அதே குழாய். அடுத்த படத்தில் அந்த டின் மண்ணிலிருந்து இடுப்பளவுக்கு எழும்பி வெடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது படத்தில் அதை வெட்டிக் காட்டியிருந்தார்கள். உள்ளே சுற்றிவர இரும்புக் குண்டுகள். விளக்குமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. கண்ணிவெடி!

"ஐயோ கர்த்தரே! வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டிட்டியளே!" இன்பமலர் தலையில் அடித்துக்கொண்டாள். "பிள்ளையின்ர பால் போத்தலுக்குப் பக்கத்தில வைச்சியளே மனுசா!"

சத்தம் கேட்டு இறங்கி வந்த குணசேகரம் விசயத்தைக் கேட்டு வெளிறிப் போனான்.

"பொலிசுக்குச் சொல்லுவம்" என்றாள் இன்பமலர்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? தமிழன்ர வீட்டுக்குள்ள குண்டு எண்டால் என்ன நினைப்பாங்கள்? ரெண்டு குடும்பத்தையும் அடுத்த பிளேனில ஏத்திப் போடுவாங்கள். அண்ணை, ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதேங்கோ. தண்ணிக்குள்ள எறிஞ்சு போட்டு வாங்கோ."

யேசுரட்ணத்துக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அவனுடைய ஊரில் இதைவிடச் சின்னச் சாமானுக்காகப் பிடித்துக்கொண்டு போன பெடியள் திரும்பி வரவில்லை. டின்னைத் துவாயில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்து, கல் கண்ட இடமெல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டு கடலேரிக்குப் போனான். அந்தப் பாதையில் அது வெடிக்காதது கடவுள் விட்ட வழி. அவன் கெட்டித்தனம் ஒன்றுமில்லை.

துறையில் ஒரு மீனவர் வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மீனோடு ஒரு துருப்பிடித்த சைக்கிள் சில்லும் ஏறி வந்தது. யாரோ, எப்போதோ, தண்ணீருக்குள் எறிந்தது. மீனவர் அதை வெறுங்கையால் இழுத்துக் கழற்றிக் கரையில் போட்டார்.

யேசுரட்ணம் அந்தக் கையையே பார்த்தான். இன்று இவன் எறிவது நாளைக்கு அந்தக் கைக்குத்தானே வரும்? தன் உயிருக்குப் பயந்து இன்னொருவன் வலையில் சாவைப் போடுவதா?

ஆளில்லாத மணல் திட்டில் டின்னை மெதுவாக வைத்தான். தள்ளி வந்து, "பொம்பெ! பொலித்தி!" என்று குண்டுக்கும் பொலிசுக்கும் தெரிந்த இரண்டு டேனிஷ் சொல்லையும் சேர்த்துக் கத்தினான். மீனவர் விளங்கிக்கொண்டு தொலைபேசிக்கு ஓடினார்.

பொலிஸ் வண்டி வந்து நின்றதும் யேசுரட்ணம் செய்த காரியத்தை அந்த ஊர் அதுவரை கண்டிராது. முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினான். யாரும் சொல்லவில்லை. உடம்பு பழகின பழக்கம்.

ஒரு கை தோளைத் தொட்டது. அடிதான் என்று உடம்பைக் குறுக்கினான். இளம் பொலிஸ்காரன் அவனுடைய கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கால்சட்டையில் ஒட்டிய மணலையும் தட்டிவிட்டான்.

"ஏன் முழங்காலில் இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். யேசுரட்ணம் அரைகுறை ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லக் கேட்டுத் தலையாட்டினான். "நீங்கள் எங்களுக்கு உதவி செய்திருக்கிறீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோனது பிழை. இனிக் கண்டால் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். சொன்னதற்கு நன்றி."

பொலிஸ்காரன் நன்றி சொன்னான்! யேசுரட்ணம் நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதான்.

மத்தியானம் இராணுவ நிபுணர்கள் வந்து துறையை அடைத்து, டின்னை அங்கேயே வெடிக்கவைத்தார்கள். இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருந்த செங்கல் வீட்டின் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. விமலாதேவி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி, தட்டில் அந்த டின் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்த யேசுரட்ணத்தை வாசலிலேயே மறித்தான் குணசேகரம். "பேர் எழுதினவங்களே அண்ணை? எங்கட கேஸ்..."

"ஓம், எழுதினவங்கள். நன்றி சொல்லத்தான்." யேசுரட்ணம் சப்பாத்தைக் கழற்றினான். "கேள் தம்பி. அங்க வாய் திறந்தவன் செத்தான், அதால வாயைப் பொத்தப் பழகினம். அந்தப் பழக்கத்தை இஞ்சயும் தூக்கிக்கொண்டு வந்தால், சாகிறது நாங்களில்லை, உன்ர பிள்ளை. ஆபத்தைக் கண்டவன் மறைக்கப்படாது, சொல்ல வேணும். ஒளிச்சு வைச்ச குண்டு ஆரோ ஒருத்தன்ர கையிலதான் வெடிக்கும்."

குணசேகரம் அடுக்களைக்குள் போனான். ஜன்னல் தட்டில் மிச்சமிருந்த பொத்தான்களையும் கரண்டியையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, தோர்கில் வந்தோடன இதுகளையும் அவருக்கு ஒருக்காக் காட்டுவமே?"