வெளியே இருந்த ஒரே ஆள்

எங்கள் காலனியில் எதிர்க்கட்சி என்றால் அது என் நைனா பெருமாள்தான். கிளைச் செயலாளர் என்று பெயர். கிளையில் வேறு யாரும் கிடையாது. கட்சி தோற்ற வருடங்களிலும் கொடிக்கம்பத்துக்கு அவரே பெயிண்ட் வாங்கி அடிப்பார்.

எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது ஒரு பேப்பரில் கருத்துக்கணிப்பு போட்டிருந்தார்கள். எங்கள் கட்சி முன்னால் இருக்கிறதாம். கணிப்பு எடுக்க ஒரு பெண் எங்கள் தெருவுக்கும் வந்திருந்தாள். வாசல் வாசலாக நின்று கேட்டாள். நைனாதான் அவளுக்கு வழி காட்டிக்கொண்டு கூடவே போனார். எல்லோரும் மாற்றம் வேண்டும் என்றார்கள்.

"இடைத்தேர்தல்ல ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், அது தெரியும்," என்றார் அம்மாவிடம். "ஆனா கொஞ்சத்துல தோத்தோம்னு வையி, அடுத்த வருசம் ஆட்சி நம்பளுது. பாரு, நம்ப காலனியே நம்ப பக்கம் கீது."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நீ பக்கத்துல நின்னுக்கினு கீற. உன் மூஞ்சிக்கு நேரா வேற இன்னா சொல்லுவாங்க?"

வியாழக்கிழமை சாயங்காலம் வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வருவதாக ஏற்பாடு. மாவட்டச் செயலாளர் போன் செய்து, கூட்டத்தைக் காட்டினால் உள்ளாட்சித் தேர்தலில் வார்டு சீட்டு நைனாவுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். கட்சி அவருக்கு ஒன்று தருவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. போன் வந்த அன்று முழுக்க அவர் சாப்பிடாமலே திரிந்தார்.

ஆனால் ஆளுங்கட்சிக்காரர்கள் அந்த வாரம் முழுக்கக் காலையில் வேன் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருப்புலிவனம் ரோட்டில் அந்தக் கட்சிக்காரர் சடையப்பனுடைய ரைஸ்மில் இருக்கிறது. அங்கே நெல் காயவைக்கும் களத்தில் பந்தல் போட்டு, டிவி வைத்து, பிரியாணி போட்டு, ஆறு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். எதிர்க்கட்சி ஓட்டுக் கேட்டு வரும்போது தெருவில் ஆள் இருக்கக் கூடாது, அதற்குத்தான். காலனியில் முக்கால்வாசிப் பேர் நடவு நடுவது சடையப்பன் கழனியில். வேனில் ஏறாவிட்டால் நடவு கிடையாது என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"இன்னிக்கு ஒரு நாளு போவாத மேரி," என்றார் நைனா, வியாழக்கிழமை காலையில். "ஆரத்தி எடுக்கவாச்சும் ஆளு வேணாமா?"

"போவலைன்னா நவரை நடவுக்குக் கூப்புட மாட்டான். உன் கொடியவா நட முடியும்?" என்றாள் அம்மா. அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "அஞ்சு மணிக்கு எப்டியாச்சும் வந்துடறேன். எதிர்வூட்டு அம்முலுவையும் இட்டாறேன்."

"மெய்யாலுமா?"

"ஏசு சத்தியமா."

எனக்கு ஓட்டு இல்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவோடு நடவுக்குப் போகிறவள் என்பதால் நானும் வேனில் ஏறினேன்.

களத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள்தான். பக்கத்து வீட்டு சாம்சன் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தான். "காலைல ஏத்தி சாயங்காலம் எறக்கி வுடறான். நம்பள விட ஆடுங்களே தேவல."

"ஆட்டுக்கு யாருடா பிரியாணி போடறா?" என்றாள் அம்முலு அத்தை.

"ஆடுதான் அத்தே அந்தப் பிரியாணியே."

அத்தை சிரித்தாள். பிறகு என் அம்மாவின் தொடையைத் தட்டினாள். "நாம இங்க குந்திகினா இன்னா? அண்ணன் ஒருத்தரு வெளிய கீறாரு இல்ல, அவரு பாத்துக்குவாரு."

ஐந்து மணிக்கு மைக் சத்தம் கேட்டது. மில்லுக்கும் காலனிக்கும் நடுவே ஏரிக்கரை மட்டும்தான். முதலில் கோஷம் போட்டார் நைனா. பதில் கோஷம் வரவில்லை. பிறகு பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"அம்முலு! சாம்சன்! முனியன் மாமா! நம்ப வேட்பாளர் வந்துகீறாரு. வாங்க, எல்லாரும் வாங்க!"

களத்தில் சிலர் சிரித்தார்கள். அடுத்தடுத்த பேர்கள் வரவரச் சிரிப்பு நின்றது. அம்மா எழுந்து கேட்டை நோக்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன். கேட்டில் சடையப்பனின் அண்ணன் மகன் வசந்த்குமார் நின்றிருந்தான்.

"இன்னா மேரி, எங்க?"

"வூட்டாண்ட போய்ட்டு வந்துடறேன் தம்பி. அடுப்புல…"

"அடுப்பா, ஆரத்தியா?" என்று கேட்டு அவனே கேட்டைத் திறந்தான். "போ. யாரும் புடிச்சி வைக்கல. ஆனா யாரு போனாங்கன்னு சித்தப்பா கேப்பாரு. அப்புறம் நடவு நேரத்துல என்னாண்ட வந்து நிக்காத."

ஓர் ஆள் போகிற அளவுக்குத்தான் திறந்திருந்தது. அம்மா நின்றாள். அப்போது மைக்கில் "மேரி" என்று கேட்டது. நாலு பேர் முன்னால் அவர் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"நான் போவட்டாம்மா?" என்றேன்.

"நீ போனாலும் எம் பேருதான் எழுதுவான்."

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மைக் நின்றது. வேட்பாளரின் திறந்த வேன் மில்லைக் கடந்து வேகமாகப் போனது. காலியான ரோட்டைப் பார்த்து அவர் கைகூப்பியபடியே போனார்.

நைனா நடந்து வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று சாம்சன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். நைனா அவனை ஒதுக்கிவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"வண்டிய வுட்டு எறங்கவே இல்ல மேரி. ஆளே இல்லாத தெருவுக்கு எதுக்குய்யா இட்டாந்தேன்னு கேட்டாரு. அவ்ளோதான்."

அம்மா முந்தானையை எடுக்கவில்லை. சடையப்பன் மில் ஆபீசிலிருந்து வெளியே வந்தார். "வா பெருமாளு. எல்லாரும் நெழல்ல கீறாங்க, நீ மட்டும் வெய்யில்ல அலையிறியேன்னுதான் பாத்துக்கினு கீறேன். டேய், பொட்டலம் ஒண்ணு கொண்டா."

நைனா தோளில் இருந்த கட்சித் துண்டை எடுத்தார். மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். டிவியை யாரோ நிறுத்தினார்கள்.

"அண்ணே," என்றாள் அம்முலு அத்தை. எழவு வீட்டில் நுழைகிறவளின் குரல் அது. "நீயுமா வந்துட்ட?"

"ஏன், நான் மட்டும் பட்னி கெடக்கணுமா?"

"அதில்லண்ணே…"

"மாத்தம் வேணும்னு அந்தப் பொண்ணாண்ட சொன்னல்ல நீ?"

"சொன்னேன். நீ கீறேன்னுதான் சொன்னேன்."

நைனா எலும்பை ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஆறு மணிக்கு வசந்த்குமார் கேட்டை முழுசாகத் திறந்தான். வழக்கமாக அந்நேரம் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அன்று ஒருவரும் எழவில்லை. எல்லோரும் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையைக் கழுவிவிட்டு வசந்த்குமாரிடம் போனார்.

"நாளைக்கு வேன் எப்ப தம்பி வரும்?" என்று கேட்டார்.