எல்லையம்மன் ஏழு தடவை கேட்டாள்

எங்கள் நெட்டுக்குப்பத்தில் பாதிப் படகுகளுக்கு எல்லையம்மன் என்றுதான் பேர். பேருக்குப் பின்னால் ஒரு நம்பர் எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஏழில் கேமரா போன் வாங்கி, புளூடூத்தில் பாட்டு அனுப்பப் பழகியபோது, போனுக்கும் ஒரு பேர் வை என்று கேட்டது. இறால் பிடிக்கும் பெண்கள் பதினோரு பேரும் யோசிக்கவே இல்லை. பதினோரு போனும் எல்லையம்மன் ஆயின. நம்பர் போட மட்டும் மறந்துவிட்டோம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? அனுப்பலாம் என்று தேடினால், பத்து மீட்டருக்குள் இருக்கிற எல்லையம்மன்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்பார்கள். எது யாருடைய போன் என்று எந்த மகராசிக்குத் தெரியும்? எல்லாருக்குமே அனுப்பிவிடுவது பழக்கமாகிப் போனது. பேரை மாற்றலாம் என்று என் மாமியார் கெங்கம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"சாமி பேரை மாத்தறதா? வாயைக் கழுவு ஷாலு" என்றாள் அத்தை.

கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பது எங்கள் பிழைப்பு. கரையோரத்துச் சாயக் கம்பெனி ஒரு குழாய் வழியாக அதில் கத்திரிக்காய் நிறத்தில் கழிவைத் திறந்துவிட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் கையெல்லாம் புண், இறாலெல்லாம் செத்து மிதந்தது. புகார் கொடுத்தோம். அந்தக் குழாயை அடைத்து இரண்டு வருஷமாகிறது என்று கம்பெனி கூசாமல் சொன்னது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேனேஜரைத் தூக்கி அதே தண்ணீரில் உட்கார வைக்கலாம் போலிருந்தது.

ஒரு மத்தியானம் குழாய் கொட்டுவதை அத்தை போனில் வீடியோப் படம் பிடித்தாள். வழக்கம்போல அது பதினோரு போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கம்பெனியின் விருந்தினர் அறையில்தான் விசாரணை. குப்பத்தின் சார்பில் ஒரே ஒரு ஆள் வரலாம் என்றார்கள். ஆதாரம் இல்லையென்றால் அன்றைக்கே கோப்பை முடித்துவிடுவார்களாம். அத்தை போனாள். கேட்டில் காவல்காரர் மாசானம் அவள் போனை வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார்.

"ஆதாரமே அதுலதான் கீதுப்பா!"

"நான் இன்னா பண்றது யக்கா? மேனேஜர் ஆர்டரு."

நாங்கள் பத்துப் பேரும் வெளியே, கேட்டுக்குப் பக்கத்திலேயே மதிலோரம் நின்றோம். அந்த அறை மதிலை ஒட்டியே இருந்தது. ஒரு கல்லின் மேல் ஏறி ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேனேஜர் காகிதங்களை நீட்டிக்கொண்டிருந்தார். அத்தை கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் அவர் காதில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். நீல விளக்கு விட்டு விட்டு மின்னியது.

"செல்லம்மாக்கா! அவரு காதுல புளூடூத்து மாட்டிகினு கீறாரு. அப்போ போன்லயும் ஆன்லதான் இருக்கும்!"

தேடினேன். எங்கள் எல்லையம்மன்களைத் தவிர மூன்று போன்கள் தெரிந்தன. மூன்றிலும் பேருக்குப் பதில் வெறும் போன் மாடல் நம்பர்தான். அதிகாரியின் போன் எது?

"மூணுக்கும் அனுப்பு! நமக்கு இன்னா புதுசா?" என்றாள் பக்கத்தில் நின்ற செல்லம்மா.

உள்ளே நடந்ததை அத்தை இன்றுவரை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். மேஜை மேல் அதிகாரியின் போன் உறுமியது. 'எல்லையம்மன் அனுப்புவதை ஏற்கிறீர்களா?' வேண்டாம் என்று அழுத்தினார். பேனாவை எடுத்தார். மறுபடியும் எல்லையம்மன். மறுபடியும் வேண்டாம். வெளியே நாங்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

"வைரஸா இருக்கும் சார், ஆஃப் பண்ணிடுங்க" என்றார் மேனேஜர். அவர் போனும் உறுமியது. பார்க்காமலேயே அதைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

ஆறாவது தடவை அதிகாரி பேனாவை மூடிக் கீழே வைத்தார். நெற்றியில் பட்டையாக விபூதி பூசிய மனுஷர்.

"எல்லையம்மன்னா யாரும்மா?"

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க குப்பத்து சாமி சார். எதுக்குக் கேக்கறீங்கோ?"

ஏழாவது தடவை அனுப்பியது என் போன். ஜன்னல் வழியே அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் திரையில் நீலக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்! கோடு நிரம்புகிற வரை நான் கல்லைவிட்டு இறங்கவில்லை.

அறைக்குள் அத்தையின் குரலே அதிகாரியின் போனிலிருந்து கிளம்பியது. "அடப்பாவிங்களா, பட்டப்பகல்லயே ஊத்துறீங்களேடா!" மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி படத்தை இரண்டு தடவை பார்த்தார், எழுந்தார்.

"குழாயைக் காட்டுங்க."

கரையோரமாக நாங்கள் ஓடினோம். குழாய் வாயில் கத்திரிக்காய் நிறம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி நின்றபடியே உத்தரவு எழுதினார். அன்று சாயங்காலமே குழாயை அடைக்கச் சிமெண்ட் கலவை வந்தது. அது இறுகும்வரை பதினோரு பேரும் நகரவில்லை. செல்லம்மா குலவையிட்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும்போது கேட்டில் அத்தை தன் போனைக் கேட்டாள். மாசானம் எடுத்துக் கொடுத்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"யக்கா, எம் போனுக்கும் அம்மன் வந்தா. மொத தபாவே எஸ் குடுத்துட்டேன்."