மீனை மாத்தாதீங்க

மூன்றாவது தடவையும் முட்டைகள் வெளுத்துப்போன அன்று, என் தம்பி மீன் தொட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "பொட்டை சரியில்ல" என்றான். அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் இருக்கிறவர்கள் பார்வைக்கெல்லாம் லென்ஸ் வெட்டிக் கொடுக்கிறவன். சொந்த வீட்டில் மட்டும் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் வீடு என் சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே மெஷின்கள் சுற்றும். மேலே அம்மா, தம்பி, அவன் மனைவி, நான். அவனுக்கு அக்காவான நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக் கேட்டு அம்மாவே களைத்துப்போய் விட்டுவிட்டாள். கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு தம்பியின் மீன் தொட்டி. அதில் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன், தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். இரண்டும் ஒரு மண் கூம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதன்மேல் வரிசையாக முட்டையிட்டு, மாறி மாறி விசிறிக்கொண்டு காவல் நிற்கும். மறுநாளே முட்டையெல்லாம் பஞ்சு மாதிரி வெளுத்துவிடும். பிறகு அந்த ஜோடியே அவற்றைத் தின்றுவிடும்.

தம்பி மீன் கடைக்காரருக்குப் போன் போட்டான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில். "பொட்டைய கொண்டு வந்துடுங்க சார், வேற ஒண்ணு பார்த்துத் தர்றேன்" என்றார் அவர். ஆண் மீனைக் கொண்டு வாருங்கள் என்று அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அங்கேயே சுருக்கென்றது.

அம்மாவுக்கு அதுவே நல்ல சாக்காகப் போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "இவளும் கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டும். அவங்க அப்பாகிட்ட பேசிட்டேன்."

கொஞ்ச நாள் என்றால் என்ன என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. தம்பி மனைவி பார்க்காத டாக்டர் இல்லை, குத்திக்கொள்ளாத ஊசி இல்லை. ஒவ்வொரு டாக்டரும் கடைசியில் ஒன்றையே கேட்பார்கள்: "உங்க வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாச்சா?" அவன் போகமாட்டான். "எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பான். "எங்க பக்கத்து ஆம்பளைங்களுக்கு அப்படியெல்லாம் வந்ததே இல்ல" என்று அம்மா ஒத்து ஊதுவாள். நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை தட்டைத் தூக்கி எறிந்தும் இருக்கிறேன். அவன் மசியவில்லை.

அன்றைக்கும் நான் வாயைத் திறப்பதற்குள், தம்பி மனைவி முந்திக்கொண்டாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். அம்மா அவளுக்கு வைத்திருக்கிற பெயரே ஊமைக்கோட்டான்.

"மீன மாத்தாதீங்க. தண்ணிய மாத்துங்க."

தம்பி சிரித்தான். "தண்ணிக்கு என்ன? நாம குடிக்கலையா, குளிக்கலையா?"

"இந்தத் தண்ணியில ரொம்ப சுண்ணாம்பு. குழாய் வாயெல்லாம் வெள்ளையா படிஞ்சிருக்கே, பாக்கலையா? இந்த மீனுங்களுக்கு மென்மையான தண்ணி வேணும். இதுல முட்டைத் தோல் இறுகிடுமாம். ஆம்பள மீனோடது உள்ள போகாதாம். மீன் வளக்கிறவங்க போன் வீடியோவுல சொல்றாங்க, நான் கேட்டேன்."

அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. மருமகள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு, அதுவும் சாப்பாட்டு மேஜையில்! எனக்கு எழுந்து விசில் அடிக்கலாம் போல இருந்தது.

"அப்பவும் பொரிக்கலன்னா?" என்றாள் அம்மா, தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொண்டு.

"பொரிக்கலன்னா நானே போயிடுறேன் அத்தை. அதுவரைக்கும் பொட்டை மீனையும் யாரும் தொடக்கூடாது, என்னையும் யாரும் அனுப்பக்கூடாது."

பாத்திரம் கழுவும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, உனக்குப் பைத்தியமா? ஒரு மீன் முட்டைமேல போயா வாழ்க்கைய வைப்பே?"

"வேற எதுமேல வைக்கட்டும் அண்ணி? இந்த வீட்ல வேற எதையாச்சும் சோதிச்சுப் பாக்க விடுறாங்களா?"

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு இறங்கினேன்.

சரி, தண்ணீர் என் தொழில். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துண்டு பப்படம் மாதிரி விறைக்கும், இஸ்திரிப் பெட்டியின் நீராவித் துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதற்காகவே கீழே தண்ணீரை மென்மையாக்கும் ஒரு பெரிய சாஃப்ட்னர் மெஷின் வைத்திருக்கிறேன். தண்ணீரைச் சோதிக்கச் சின்னப் புட்டி மருந்தும் உண்டு. பொடி போட்டால் தண்ணீர் சிவக்கும். அது நீலமாகிற வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எவ்வளவு சொட்டு செலவாகிறதோ அவ்வளவு கடினம். எங்கள் குழாய்த் தண்ணீருக்கு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கை வலிக்கும். சாஃப்ட்னர் தண்ணீரோ முதல் சொட்டிலேயே நீலம்.

"இவ்வளவுதானே?" என்று மார்தட்டிக்கொண்டு, கீழேயிருந்து வாளி வாளியாக ஏற்றினேன். தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் புதுத் தண்ணீர். சொட்டுக் கணக்கு மளமளவென்று இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீன்கள் மட்டும் கறுத்துப்போய், துடுப்பை ஒட்டிக்கொண்டு மூலையில் நின்றன. ஆண் மீன் தீனியைத் தொடவில்லை. தம்பி என்னைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அம்மா பரண்மேல் இருந்த சூட்கேஸை இறக்கித் தூசி தட்டி வைத்தாள்.

தம்பி மனைவி மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"அண்ணி, அந்த மெஷின்ல மூட்டை மூட்டையா உப்பு கொட்டுறீங்களே, எதுக்கு?"

"அது இல்லாம எப்படி வேலை செய்யும்? சுண்ணாம்ப எடுத்துட்டு அதுக்குப் பதிலா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சுண்ணாம்பு போன இடத்தில் உப்பின் சாரம் வந்து உட்கார்ந்திருந்தது. அது சோப்புக்குப் போதும், துண்டுக்குப் போதும். இத்தனை வருஷமாக எந்தப் படுக்கை விரிப்பும் என்னிடம் வந்து குறை சொன்னதில்லை. மீன் அதற்குள்ளேயே மூச்சுவிட்டு வாழ வேண்டும் என்பது, ஊர் அழுக்கைத் துவைத்தே பழகிப்போன என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"விடுங்க அண்ணி. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றாள் அவள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள். அங்கே சுவரில் குடிதண்ணீர் மெஷின் மாட்டியிருந்தது. சுண்ணாம்பையும் எடுக்கும், உப்பையும் எடுக்கும். நூல் நூலாகத்தான் விடும். அது அம்மாவின் ராஜ்ஜியம். நாங்கள் பாட்டில் நிறைப்பதற்கே கண்ணை உருட்டுவாள்.

"மனுஷன் குடிக்கிற தண்ணிய மீன் குளிக்கவா?" என்று அம்மா கத்தினது கீழே துணி கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். தம்பி மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பால்கனியில் ஒரு நீல டிரம்மை வைத்து, மெஷினிலிருந்து குழாய் இழுத்துவிட்டாள். வெறும் மெஷின் தண்ணீரில் சத்தே இருக்காது என்று, அதில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்தாள். கலந்ததை மருந்து விட்டுச் சோதித்தாள். அதன்பிறகு ஒரு செம்பு, இரண்டு செம்பு என்று தொட்டியில் இறக்கினாள். நான் வாளி வாளியாகக் கொட்டினவள். அவள் செம்பால் மொண்டு ஊற்றியதைப் பார்க்கப் பொறுமை போனது. ஆனால் மீன்கள் நாளுக்கு நாள் நிறம் திரும்பின.

தெருமுனை வாதுமை மரத்தின் காய்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து, அலசி, அதையும் தொட்டியில் போட்டாள்; முட்டையில் பூஞ்சை பிடிக்காதாம். தண்ணீர் பால் ஊற்றாத டீ மாதிரி ஆகிவிட்டது. "கூடத்துல சாக்கடைய வச்சிருக்கா" என்று அம்மா போனில் தன் தங்கையிடம் சொன்னாள். தம்பிக்கும் அழுகை வராத குறை. பளிங்கு மாதிரி தொட்டியை வைத்து நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவன் அவன். "மீனே தெரியலையே" என்று முனகினான். "மீனுக்கு நாம தெரியாம இருந்தா போதும்" என்றாள் அவன் மனைவி. அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலை, தொட்டிக்குத் தண்ணீர் எடுப்பதற்குமுன் அவள் டிரம்மைச் சோதித்தபோது நிறம் மாறவில்லை. மருந்தை விட்டுக்கொண்டே இருந்தாள், சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"டிரம்ல யாரு குழாய்த் தண்ணி ஊத்தினது?" என்று நான் எகிறினேன்.

"குடிக்கத் தண்ணி இல்ல, அதுலருந்து எடுத்தேன். எடுத்த அளவு ஊத்தி வச்சுட்டேன். எல்லாம் தண்ணிதானே? என் வயித்துல பொறந்துட்டு உனக்கென்ன அவளுக்கு வக்காலத்து?"

நான் அடுத்த வார்த்தைக்கு மூச்சை இழுப்பதற்குள், தம்பி மனைவி டிரம்மைச் சாய்த்தாள். அத்தனை நாள் சேர்த்த தண்ணீரும் பால்கனி ஓட்டையில் போய்விட்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. காலி டிரம்மைத் துடைத்து, மறுபடி மெஷின் குழாயை அதில் விட்டாள்.

"நீங்க எத்தன தடவை கலந்தாலும் நான் கொட்டிட்டுப் புதுசா புடிப்பேன் அத்தை. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதன்பிறகு டிரம் பக்கம் அவள் போகவில்லை.

நாட்கள் போயின. சொட்டுக் கணக்கு இறங்கி இறங்கி, பத்துக்குள் வந்து, அதிலும் பாதியாயிற்று. ஒரு சாயங்காலம் பெண் மீன் கூம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. முட்டையிட்டது. ஆண் பின்னாலேயே போனது. அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பரணுக்குத் திரும்பாத சூட்கேஸ் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இந்தப் பெண் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

மறுநாள் ஓரத்தில் சில முட்டைகள் வெளுத்திருந்தன. அம்மா பெருமூச்சு விட்டாள். தம்பி உள்ளே போய்விட்டான். தம்பி மனைவி டார்ச்சை அடித்துக் குனிந்தாள். "அண்ணி, இங்க பாருங்க." மீதி முட்டைகள் ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஒரு புள்ளி. அதற்கடுத்த நாட்களில் அந்தப் புள்ளிகள் வால் முளைத்துத் துடித்தன. பிறகு ஒரு காலையில் கூம்பைவிட்டு எழும்பி, கொசுக்கூட்டம் போலத் தாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டன. அதன் தோலில் ஊறுவதுதான் அவற்றுக்குத் தீனி. கொஞ்ச நேரத்தில் தாய் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. குஞ்செல்லாம் அப்பனிடம் தாவி ஒட்டிக்கொண்டன.

அம்மா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அட! அப்பன்மேலயும் குடிக்குதே!"

"ஆமா அத்தை. இதுக்கு ரெண்டு பேரும் வேணும்" என்றாள் மருமகள்.

தம்பிக்குத் தரையில் கால் பாவவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தான், கடைக்காரருக்கு அனுப்பினான், "நம்ம பொட்டை சூப்பர் பொட்டை" என்று குதித்தான். பிறகு, "அடுத்த தண்ணி எப்போ மாத்தணும்? கலவை எப்படி?" என்று மனைவியைக் கேட்டான்.

அவள் டார்ச்சை அணைத்து மேஜையில் வைத்தாள்.

"தண்ணி மாத்துறது எனக்கு மட்டும்தான் தெரியும். கலவையும் எனக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்குக் காலையில நீங்க ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. வந்து டெஸ்ட் குடுத்தாத்தான் நான் செம்பைத் தொடுவேன்."

"என்னடி இது, மிரட்டுறியா?"

"ஆமாங்க. மிரட்டுறேன்."

"அக்கா, நீயாச்சும் சொல்லேன்!"

"சொல்றேன்" என்றேன். "தண்ணியச் சோதிச்சாச்சு. பொட்டை மீனச் சோதிச்சாச்சு. இவள ஊசியால குத்தாத இடம் இல்ல. இந்த வீட்ல சோதிக்காதது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்டா."

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். எப்போதும் அங்கிருந்து கைகொடுக்க ஒரு வார்த்தை வரும். அம்மா தொட்டியைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. "போயிட்டுத்தான் வாயேன்" என்றாள் கண்ணாடியிடம்.

தம்பி மனைவி குஞ்சுகளைச் சாக விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

காலையில் என் டெலிவரி வேனில்தான் போனோம். பின்னால் மடித்த விரிப்புகளுக்கு நடுவில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தான். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பழக்கமான முகம், எத்தனை தடவை வந்திருப்பாள்! "வாங்கம்மா, இன்னைக்கு என்ன ஸ்கேனா?" என்று தம்பி மனைவியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தாள்.

தம்பி மனைவி கவுன்டரைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள். அந்த இடம் காலியாக இருந்தது. எனக்கு நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன்.

"பேஷண்ட் யாருங்க?" என்றாள் அந்தப் பெண் மறுபடி.

தம்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். மாட்டிக்கொண்டான். பிறகு அந்தக் காலி இடத்தில் போய் நின்றான்.

"நான்தான்" என்றான்.