நீதிமன்றம் இல்லாத நீதிபதி

1802ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, வியாழக்கிழமை, என் கணவர் எலிஃபலெட் தாக்ஸ்டர் நீதிபதியாக இருந்த கூட்டாட்சி வட்ட நீதிமன்றம் சட்டப்படி இல்லாமற்போனது. முந்தைய ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறுவிய அந்த நீதிமன்றத்தை, புதிதாக ஆட்சிக்கு வந்த கட்சி கலைத்துவிட்டது. ஆனால் அவரை எவரும் பதவிநீக்கம் செய்யவில்லை. நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் நீடிப்பார் என்கிறது அரசியல் சாசனம். அவருடைய நடத்தையில் நான்கூடக் குறை கண்டதில்லை. கலைப்பது வேறு, நீக்குவது வேறு. அப்படியானால் அவர் நீதிபதியா, இல்லையா? போர்ட்ஸ்மத் நகரில் எவருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்டில் நீதிமன்றக் காவல் அதிகாரியான மார்ஷல் ஓபெட் பிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நீதிமன்றம் கூடும் நாள்களில் உருவிய வாளுடன் என் கணவருக்கு முன்னால் நடந்தவர்.

"ஜட்ஜ் ஐயா, என் படகுத்துறை தன்னோடதுன்னு பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் போட்டிருக்கான். நீங்கதான் வக்கீலா வந்து வாதாடணும்."

"ஜட்ஜ்னு கூப்பிட்டுட்டு வக்கீலா வரச் சொல்றீங்களே, பிங்கம்!" என்றேன்.

"அதுதாம்மா எனக்கும் குழப்பம்."

"வாதாடினா பதவியை நானே விட்டுக்கொடுத்ததா ஆயிடும்," என்றார் என் கணவர்.

"வாதாடலைன்னா அடுப்பு எரியாது, மிஸ்டர் தாக்ஸ்டர். சம்பளம் நின்னாச்சு," என்றேன் நான்.

அவர் இசைந்தார்.

மாவட்ட நீதிமன்ற வாசலில் பிங்கம் பழக்கதோஷத்தால் முன்னால் நடந்து, "நீதிபதி வர்றார், வழி விடுங்க!" என்று முழங்கினார். தம் வழக்கு என்பதையே மறந்துவிட்டார். கூடியிருந்தோர் அனைவரும் எழுந்தனர். மேடையில் இருந்த நீதிபதி கில்மனும் பாதி எழுந்து, எழுவதா அமர்வதா என்று புரியாமல் அப்படியே நின்றார். என் கணவர் வழக்கறிஞர் மேசையைத் தாண்டி மேடைப் படிவரை சென்றுவிட்டார்.

"தாக்ஸ்டர், நீங்க ஜட்ஜா, வக்கீலா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நான் உக்காரணும்," என்றார் கில்மன்.

என் கணவர் கூட்டத்தில் இருந்த என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய பதில்.

"ஜட்ஜ்," என்றார் கடைசியில். "நான் ஜட்ஜ் இல்லைன்னு காங்கிரஸ் சொல்ற வரைக்கும்."

பிங்கமுக்காக வேறொருவர் வாதாடினார். தம்மைப் போல நீதிமன்றம் இழந்த மற்ற நீதிபதிகளுடன் சேர்ந்து, பணியும் சம்பளமும் கேட்டு என் கணவரும் காங்கிரசுக்கு மனுச் செய்தார். 1803ஆம் ஆண்டு தொடக்கத்தில் காங்கிரஸ் அதை நிராகரித்தது. சம்பளம் வழங்கப்படவில்லை. அந்த வசந்தகாலத்திலிருந்து அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணிபுரிந்தார்.